பதினோராவது கேசட்

கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தா காலம் முடிந்த மறுநாளே, ரசீதா கடையநல்லூரிலிருந்து பஸ் ஏறி சங்கரன்கோவிலுக்கு வந்துவிட்டாள். கூட, அவள் ‘காக்கா’ என்று அழைக்கும் அண்ணன் முகம்மது ஹுசைன். இருவரும் தேடி வந்தது ஓய்வுபெற்ற ஏட்டு வேல்சாமியை.

“எம் மாப்பிள துபாய்ல கேசட்டுல பேசி, காக்கா கையில குடுத்துவிட்டாவ. அது வீடு வந்து சேரல. காக்கா வந்த ரெண்டாம் நாளே அங்க அவுக மௌத்து,” என்றாள் ரசீதா. “ஒருதரம் அவுக குரலக் கேக்கணும் ஏட்டையா. வேற ஒண்ணும் வேண்டாம்.”

ஹுசைன் தலை நிமிரவில்லை. “பஸ்ஸ்டாண்டு பக்கம் மூக்காண்டி கடைக்குப் பத்து வெறும் கேசட்டு கொண்டாந்தேன். அதோட இதுவும் தவறிப் போயிருக்கும். கேட்டா, பத்துதான் வந்துதுங்கான்.”

“அவனேதான் அத்தான்! நாலு அறை விட்டா கக்கிருவான்,” என்று துள்ளினான் நல்லகண்ணு. வேல்சாமியின் மைத்துனன், எந்த வழக்கையும் செருப்பு மாட்டுவதற்குள் முடித்துவிடுகிற ஆசாமி.

“சும்மா இருல,” என்றார் வேல்சாமி.

மூக்காண்டியின் கடை சினிமாப் பாட்டு பதிந்து கொடுக்கும் கடை. நால்வரும் வந்து நின்றதைக் கண்டதும் ஓடிக்கொண்டிருந்த பாட்டின் சத்தத்தைக் குறைத்தான்.

“எல்லாம் புதுக் கேசட்டு அண்ணாச்சி. இந்தா ஓடுதே, இதுவும் அதுல ஒண்ணுதான். உறையப் பிரிச்சு அப்படியே பதிஞ்சது.”

வேல்சாமி அதை வெளியே எடுத்துத் திருப்பினார். முதுகுப் பக்கம் இரண்டு மூலையிலும் பிளாஸ்திரித் துண்டு ஒட்டியிருந்தது.

“உடைஞ்சிருக்கும், ஒட்டியிருக்கான். இதுல என்னத்த அத்தான் பாக்கிய?” என்றான் நல்லகண்ணு.

“புதுக் கேசட்டுல இங்கன சின்னப் பல்லு மாதிரி ரெண்டு இருக்கும். பேசுனது அழியக்கூடாதுன்னு நினைக்கவன்தான் அதை உடைச்சு எடுப்பான். எடுத்துட்டா மேல எதுவும் பதியாது. பதியணும்னா ஓட்டைய அடைக்கணும்.” பிளாஸ்திரியை உரித்தார். இரண்டு ஓட்டைகள். “யாரோ பத்திரப்படுத்துனதுன்னு தெரிஞ்சேதான் அடைச்சிருக்கீரு வே. தவறி வந்தது உம்ம குத்தமில்ல. இத ஒட்டுனது உம்ம குத்தம்.”

மூக்காண்டிக்கு வேர்த்துவிட்டது. “ஜப்பான் கேசட்டு அண்ணாச்சி, ஆசப்பட்டுட்டேன். இவரு வந்து கேக்கதுக்குள்ள அழிச்சுப்புட்டேன். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்ல?”

வேல்சாமி இரண்டு பக்கமும் கடைசிவரை ஓடவிட்டுக் கேட்டார். பாட்டுதான், வேறொன்றுமில்லை. களவுபோன எத்தனையோ பொருளை மீட்டுக் கொடுத்த மனிதருக்கு, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அறைய வந்த நல்லகண்ணுவுக்கும் கை எழவில்லை.

ரசீதா மூக்காண்டியின் முன்னால் போய் நின்றாள்.

“நீங்க போட்டுக் கேட்டியள்லா? என்ன சொன்னாவ?”

“‘ரசீதா, கேக்குதா’ன்னாரு தாயி.”

“பெறவு?”



“பெறவு நான் கேக்கல. அமத்திட்டேன்.”