குடித்தனக்காரர் கட்டிய ஈரல்

முனைவர் யசோதரை எதையும் விரலால் தடவி அறிந்த பின்னரே ஒப்புக்கொள்வார். பிறவியிலேயே பார்வையற்றவர், பேசும் கருவிகளை அவர் நம்புவதில்லை. காலையில் காப்பி வருமுன்பே பிரெய்ல் புள்ளிப்பலகையின்மேல் வலக்கைச் சுட்டுவிரலை வைத்துவிடுவார். அதில் எழுந்து தாழும் நுண்புள்ளிகளே அவருக்கு நாளிதழ், நுண்ணோக்கியும் அவையே.

தொழுநோய்க் கிருமி புகுந்த ஆர்மடில்லோ விலங்கின் ஈரல், கட்டியோ கழலையோ இன்றிச் சீராகப் பெருகும் என்பது பழைய செய்தி. நரம்பை நாடி மரக்கச் செய்யும் அக்கிருமியின் குணத்தை நீக்கி, மனித ஈரலையும் வளர்க்குமாறு அதைத் திருத்தியவர் யசோதரை. திருச்சிக்கு அருகிலிருந்த அவருடைய உறுப்பு வளர்ப்பகத்தில் இப்போது படுக்கை கிடைப்பதே அரிது. நோயாளிகள் கிருமிக்குக் குடித்தனக்காரர் என்று பெயர் வைத்திருந்தனர். சந்திக்கும்போதெல்லாம், "உங்க குடித்தனக்காரர் சௌக்கியமா?" என்று விசாரித்துக்கொள்வர். ஈரல் முழுமையடைந்ததும் வெளியேற்று மாத்திரை தரப்படும். கிருமி மடியும், வளர்ச்சியும் நிற்கும்.

இப்போது யசோதரையும் அங்கே ஒரு நோயாளி. சுருங்கிப்போயிருந்த அவருடைய ஈரல் பாதி வளர்ந்திருந்தது.

அன்று காலை புள்ளிப்பலகை பழுதென்று அவர் கடிந்துகொண்டார். இளைய மருத்துவரான மேகவர்ணன் வேறு பலகை கொண்டுவந்தார். அதுவும் வழுவழுவென்றே இருந்தது. மூன்றாவதையும் அவர் ஒதுக்கித் தள்ளவே, மேகவர்ணன் மெல்லச் சொன்னார்: "பலகை மேல குத்தமில்ல மேடம். புள்ளியெல்லாம் எழும்பி நிக்குது."

யசோதரை இடக்கையை வைத்தார். புள்ளிகள் துள்ளின.

வலக்கை விரல் மரத்துப்போயிருந்தது. ஆயினும் அவர் முகத்தில் அச்சத்துக்கு முன்பாக ஆவலே படர்ந்தது. தம் ஈரல் திசுவின் ஆய்வு விவரங்களை இடக்கையால் மளமளவென்று வாசித்தார். கிருமி தன் பழைய குணத்தை மீண்டும் கற்றிருந்தது. ஈரல் பெருகப் பெருகத் தானும் பெருகி, நிரம்பி வழிந்து, நரம்புகளைத் தேடிப் புறப்பட்டிருந்தது.

"நமக்காக அது வளர்க்கல, மேகம். தனக்கு வீடு கட்டிக்குது. நாம செங்கல்லு" என்றார். அவருடைய குரலில் பாராட்டுக்கூட இருந்தது.

எல்லா நோயாளிகளின் விரல்களையும் சோதிக்கச் சொன்னார். பலருக்கு மரத்திருந்ததாக மேகவர்ணன் வந்து சொன்னார். நன்றாகப் பசிக்கிற மகிழ்ச்சியில் ஒருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. உண்மையை எடுத்துரைத்த பிறகும், ஈரல் முடியட்டும், விரல் போனால் போகட்டும் என்று மாத்திரையை மறுத்துவிட்டார்களாம்.

"அவங்க தெரிஞ்சேதான் முடிவு பண்றாங்க. ஆனா புதுசா யாருக்கும் இனிமே கிருமி ஏத்தாதே."

"சரி மேடம். உங்களுக்கு? இன்னும் ரெண்டே மாசம். முழு ஈரல் வந்துட்டா முப்பது வருஷம் கவலையில்ல. இப்பவே நிறுத்தினா பத்து வருஷம் ஓடுறதே பெரிசு."

"ரெண்டு மாசத்துல இந்தக் கையும் போயிடும். அப்புறம் முப்பது வருஷம் எதைடா வாசிப்பேன்?"

யசோதரை பலகையிலிருந்து இடக்கையை எடுக்காமலே, "பாதி ஈரல் எனக்குப் போதும். மாத்திரையைக் கொண்டு வா" என்றார்.