பாதியில் நிற்காது!

போன் அலறியது.

“மாப்ளே... சர்வர் ரூம் கதவு திறக்க மாட்டேங்குதே!”

கண்ணாடிச் சுவருக்கு உள்ளே மாமனார். வெளியே, கம்ப்யூட்டர் முன்னால் மாப்பிள்ளை.

“பதறாதீங்க மாமா. இதோ பார்க்கிறேன்.”

பார்க்கத்தான் செய்தான். ரசித்து!

நாளை கிழவர் கம்பெனியை மகள் பேருக்கு எழுதிவிட்டு, இவனைக் கழற்றிவிடப் போகிறார். அதற்குள் அவர் போய்ச் சேர வேண்டும்.

தீயை அணைக்க அந்த அறையில் ஒரு வாயு உண்டு. பாய்ந்தால் நெருப்புக்கும் மூச்சில்லை, மனிதனுக்கும் மூச்சில்லை. அதனால் உள்ளே ஆள் இருந்தால் சாஃப்ட்வேர் அதைத் திறந்துவிடாது. ஆள் கணக்கு? கதவில் தேய்க்கும் கார்டுதான்.

அந்த சாஃப்ட்வேரை எழுதியவனே இவன்தானே!

உள்ளே இருப்பவர் பெயரை அழி... கதவைப் பூட்டு... வாயுவைத் திற. மூன்றையும் ஒரே கட்டாகக் கட்டியிருந்தான். நடந்தால் மூன்றும் நடக்கும். ஒன்று சொதப்பினாலும் மூன்றும் ரத்து, எல்லாம் பழையபடி. அரைகுறை வேலை போலீஸிடம் சாட்சி சொல்லும் என்பது அவன் கட்சி.

பெயர் அழிந்துவிட்டது. கதவு பூட்டியாகிவிட்டது. இனி வாயு...

திரையில் சிவப்பு!

‘வாயு வால்வு மூடியிருக்கிறது. அனைத்தும் ரத்து.’

அழிந்த பெயர் திரும்பி வந்தது. பூட்டிய கதவு திறந்துகொண்டது. மாமனார் கார்டைத் தேய்த்துவிட்டு, ஹாயாக வெளியே வந்தார்.

“என்ன மாப்ளே, இந்த ஏசியிலயும் வேர்க்குது?”

“டெ... டெஸ்ட் மாமா! வால்வை எவனோ மூடி வச்சிருக்கான்.”

“அடக் கொடுமையே! நிஜமாவே தீப்பிடிச்சா என்னாகும்? போய்த் திறந்துட்டு வாங்க.”

கிழவருக்குச் சந்தேகமே இல்லை!

திறந்த கதவு வழியே ஓடினான். திறந்திருக்கும் கதவுக்கு எவன் கார்டு தேய்ப்பான்? அறைக்குள் இருந்த வால்வைத் திருகினான்.

டக்!

கதவு பூட்டிக்கொண்டது. இப்போது மாமனாரின் போன் அலறியது.

“மாமா! கதவு!”

“திறக்காது மாப்ளே. நீங்க கட்டின கட்டைத்தான் மறுபடி ஓடவிட்டிருக்கேன்.”

“நான் உள்ளே இருக்கேன்!”

“கம்ப்யூட்டர் யாருமே இல்லேங்குதே? கார்டு தேய்ச்சீங்களா?”

“அப்போ... வால்வை மூடினது...”

“நான்தான். நீங்க ஒத்திகை பார்த்தப்பல்லாம், முதலாளிங்கிற முறையில என் போனுக்கு மெசேஜ் வந்துச்சு. அதுவும் நீங்க எழுதி வச்சதுதான்!”

“உங்க பொண்ணை நினைச்சுப் பாருங்க மாமா!”

“அவதான் மெசேஜைப் படிச்சுக் காட்டினா.”

ஹிஸ்ஸ்ஸ்...

கண்ணாடியை அறைந்த கைகள் மெதுவாக வழுக்கி இறங்கின.

திரையில் பச்சை. ‘அனைத்தும் முடிந்தது.’

மாமனார் நாற்காலியில் சாய்ந்தார்.

“தங்கமான மாப்பிள்ளை! எடுத்த வேலையைப் பாதியில விட்டதே இல்லை!”