கண் காது மூக்கு

கொடியில் கிடந்த துணிகளில் ஒன்று அவருடையது இல்லை.

மதியம் அவர் காயப்போட்டவை சட்டைகளும் ஒரு துண்டும்தான். அவை மொறுமொறுவென்று காய்ந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே, யாரோ ஒதுங்கி இடம் விட்டதுபோல, இரட்டைக் கட்டிலுக்கான ஒரு வெள்ளை விரிப்பு, சொட்டச் சொட்ட நனைந்து, அத்தனை காற்றுக்கும் ஒரு மடிப்புக்கூட அசையாமல் தொங்கியது. அதன் மூலையில் கறுப்பு மையில் சலவைக்குறி: ஒரு அரை வட்டம், அதற்குள் ஒரு புள்ளி. பழைய ஏரிக்கரை ஹோட்டலின் குறி. அந்த ஹோட்டல் பூட்டிக் கூரையில் மரம் முளைத்து, அந்த மரத்துக் குருவிகள் பேரன் பேத்தி எடுத்தாகிவிட்டது.

காற்று எங்கிருந்தாவது கொண்டுவந்து போட்டிருக்கும் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மட்டமான பொய். அவர் பிழைப்புக்குச் சொன்னவற்றில் இதைவிடத் தரமானவை ஏராளம்.

ஊருக்கு அவர் சர்வேயர். நிலம் அளந்து ஓய்வுபெற்ற அதிகாரி என்று நினைத்துப் புது ஆட்கள் எழுந்து நின்று வணக்கம் வைப்பார்கள். பழைய ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவர் அளந்ததெல்லாம் சுற்றுலாப் படகின் முனையில் நின்று வாயால் அளந்ததுதான். அந்த அளப்பிலேதான் இந்த ஊர் எழும்பியது. இதில் மிகை எதுவும் இல்லை. அவர் படகேறும் முன் இந்த ஊருக்கு வரலாறு என்று ஒன்று கிடையாது. கல் உடைத்த பள்ளத்தில் மழைத் தண்ணீர் நின்றது. நல்ல காற்று என்று இருமல்காரர்கள் நாலு பேர் வந்து தங்கினார்கள். இருமல் போனதும் அவர்களும் போனார்கள். அவ்வளவுதான் ஊர். பார்க்க என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் ஹோட்டல் முதலாளிகள் தலையைச் சொறிந்தார்கள்.

சர்வேயர் சொறியவில்லை. ஏரிக்கு அடியே கிடையாது என்றார். ஆழம் பார்க்கக் கயிறு இறக்கி இறக்கி, கடைசியில் கயிறு விற்ற கடைக்காரன் மாடி கட்டியதுதான் மிச்சம் என்றார். படகுத்துறைப் பாறையில் ஒரு ராணி உட்கார்ந்து அழுதாள் என்றார்; அந்தப் பாறையை லாரியில் கொண்டுவந்து இறக்கிய மேஸ்திரியே படகில் இருந்துகொண்டு ராணிக்காக உச்சுக்கொட்டினார். மூடுபனியில் ஏரி ஆளைக் கூப்பிடும், பதில் கொடுத்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும் என்றார். அதற்கப்புறம் பனிக்காலத்திலும் அறை கிடைக்காமல் ஜனம் காரிலே தூங்கியது. கூட்டம் சேர்ந்ததும் அவர் நாக்கால் உதட்டை ஒருமுறை நனைத்துக்கொள்வார். பிறகு சிரிப்பார், கடைவாய்த் தங்கப்பல் மின்னும். அப்புறம் அவரை நிறுத்த ஆள் கிடையாது. எந்தச் சின்ன விஷயத்துக்கும் கண் காது மூக்கு வைத்துவிட்டால் போதும், தானே எழுந்து நடக்கும் என்பது அவர் தொழில் சூட்சுமம்.

விரிப்பின் நுனியைப் பிடித்து இழுத்தார். தூங்குகிற ஆளைத் தூக்கியதுபோல் கனத்தது. கையை விட்டுவிட்டு வீட்டுக்குள் வந்து கதவைத் தாழிட்டார். மனைவி மகன் வீட்டுக்குப் போயிருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து விரலை முகர்ந்தார். சலவைச்சோடா, நீலம், அவற்றுக்கு அடியில் ஏரிப்பாசி.

காலையில் வந்தவளை நினைக்கக் கூடாது என்றுதான் துணியே துவைத்தார்.

ஏரிக்கரை ஹோட்டல் சலவைக்காரியின் மகள். தாய் ஏரியில் மூழ்கிப் போனபோது இடுப்பில் இருந்த குழந்தை. இப்போது காதோரம் நரைத்திருந்தது. இதே நாற்காலியில் உட்கார்ந்து, முந்தின நாள் படகில் போய்வந்ததாகச் சொன்னாள். சர்வேயரிடம் தொழில் படித்த புது வழிகாட்டி சலவைக்காரி கதையை ஒன்று விடாமல் சொன்னானாம். ஹோட்டலில் தங்கிய எவனோ ஒருத்தனிடம் மயங்கி, அவன் கைவிட்டதும் குதித்தவள். பிடரியில் ஒரு ஜோடிக் கண். உடம்பெல்லாம் காது. ஈரத்துணிக்குள் ஆம்பளை வாசனை தேடி அலைகிற மூக்கு.

"எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன் ஐயா. அழுதா யாருன்னு கேப்பாங்களே" என்றாள்.

அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் குடிக்கவில்லை.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். எங்கம்மாவுக்கு ஊரையே எழுப்புற குரலாம். தவறி விழுந்திருந்தா யாரையாவது கூப்பிட்டிருப்பாங்க. கூப்பிட்டாங்கன்னா, என்னை வேண்டாம்னு விட்டுட்டுப் போகலைன்னு ஆகும். நீங்க அன்னைக்கு ஏரியில இருந்தீங்களாமே. கூப்பிட்டாங்களா?"

ஒரு சொல். 'ஆமாம்' என்றால் போதும். அவள் ஆயுசுக்கும் நிம்மதியாகப் போயிருப்பாள்.

"இல்லம்மா. வாயே திறக்கல" என்றார் சர்வேயர். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒன்றைச் சொன்னால் அதற்குமேல் ஒன்று வைக்காமல் இருக்க அவர் நாக்குக்குத் தெரியாது. "சிரிச்ச முகமாத்தான் போனாங்க."

அவள் சரிங்க ஐயா என்று சொல்லி, தம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு, பேருந்துக்குப் போனாள்.

நடந்தது வேறு. அன்றைக்கு நல்ல மூடுபனி. படகு நிறையக் கூட்டம். ஏரி கூப்பிடும் கதையை அவர் உச்சத்துக்குக் கொண்டுபோன நேரம், ஹோட்டலின் துவைக்கும் பலகைப் பக்கமிருந்து தண்ணீரில் ஏதோ விழுந்தது. "அண்ணே" என்றது பனிக்குள் ஒரு குரல். படகே மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவருக்கே சிலிர்த்தது; ஏரி அவர் சொன்னதைக் கேட்டு நடக்கிறது என்றுதான் ஒரு கணம் நினைத்தார். மறுபடி வந்தது: "சர்வேயர் அண்ணே." குரல் தெரிந்துவிட்டது. தினமும் கரையிலிருந்து அவரைக் கிண்டல் செய்கிற குரல். இன்னைக்கு எத்தனை யானைய முழுங்குச்சு உங்க ஏரி என்று கேட்கிற குரல். துடுப்புக்காரன் அவர் முகத்தைப் பார்த்தான். கூட்டமும் பார்த்தது. எல்லார் முகத்திலும் அவருடைய கதை.

"பார்த்தீங்களா, என் பேரே அதுக்குப் பழகிப்போச்சு" என்றார். "யாரும் பதில் குடுத்துடாதீங்க."

கை தட்டினார்கள்.

மறுநாள் அவளை எடுத்தபோது காற்றில் பறந்த ஒரு விரிப்பு உடம்பில் சுற்றியிருந்தது. அதைப் பிடிக்கப் போய்த்தான் வழுக்கியிருக்கிறாள். அதை யாரும் யோசிக்கும் முன் சர்வேயர் அவளைக் கைவிட்ட அந்த ஹோட்டல் விருந்தாளியைக் கதையில் உண்டாக்கினார். அப்புறம் கண்ணை வைத்தார். காதை வைத்தார். மூக்கை வைத்தார். வாயை மட்டும் வைக்கவில்லை. வைத்தால் என்ன சொல்வாள் என்று அவருக்குத் தெரியும்.

சன்னலுக்கு வெளியே பனி ஏறிவிட்டது. ஏரி அவர் வீட்டுச் சுவரிலிருந்து கூப்பிடு தூரம்தான். இப்போது அது தெரியவில்லை. கொடி தெரிந்தது. சட்டைகள் தெரிந்தன. நடுவில் இடம் காலி.

சமையலறையில் சொட்டும் சத்தம். குழாயாக இருக்கும். குழாய்க்கு வாஷர் மாற்ற வேண்டும் என்று மனைவி சொல்லிக்கொண்டே இருப்பாள். எழுந்து போய் முடுக்கலாம் என்று திரும்பினார்.

சமையலறை வாசலில் வெள்ளைத் திரை தொங்கியது.

அந்த வாசலுக்குத் திரை கிடையாது.

அதன் அடியிலிருந்து தண்ணீர் தரையில் மெதுவாகப் பரவி அவர் நாற்காலிக் காலைத் தொட்டது. ஈரத்துணிக்குப் பின்னால் இருந்து ஏதோ அழுத்தியது. ஒரு புடைப்பு. மூக்கு. துணி உள்ளே இழுபட்டது, வெளியே வந்தது. முகர்ந்தது. அதைச் சுற்றி வேறு புடைப்புகள் மொட்டு விடுவதுபோல் எழும்பின. மடல் மடலாகக் காதுகள். துணியின் மேல்விளிம்பு மடிந்து பின்பக்கம் தெரிந்தது. அங்கே இரண்டு கண்கள், இமை இல்லாமல். இமை வைக்க அவர் மறந்திருந்தார். அவருக்கு ஒவ்வொன்றும் அடையாளம் தெரிந்தது. அந்தக் காது, மழைநாளில் படகில் தூங்கி வழிந்த ஒரு குடும்பத்தை எழுப்ப வைத்தது. இந்தக் கண், முகம் கொடுக்காத புது மாப்பிள்ளை ஒருவனுக்காக. இத்தனை காலம் அவள் இதையெல்லாம் சுமந்துகொண்டு கிடந்திருக்கிறாள்.

மூக்குக்குக் கீழே மட்டும் வழவழவென்று துணி.

மன்னித்துக்கொள் என்று சொல்ல வேண்டும். கூப்பிட்டாய், கேட்டது என்று சொல்ல வேண்டும். இந்த அறையில் வேறு யாரும் இல்லை. ஏமாற்ற ஒரு ஆள் இல்லை. அவர் நாக்கு உதட்டை நனைத்தது.

"எனக்கு அன்னைக்கு எதுவுமே கேக்கலம்மா" என்றார்.

அத்தனை காதுகளும் அவர் பக்கம் திரும்பின.

சன்னலுக்கு ஓடினார். கம்பியைப் பிடித்துக்கொண்டார். பனிக்குள் துடுப்புச் சத்தம். கடைசிப் படகு. ஆட்கள். மிகப் பக்கத்தில்.

"தம்பி" என்று கத்தினார். "தம்பி, நான்தான்பா. சர்வேயர்."

துடுப்பு நின்றது. பனி நின்றது. புது வழிகாட்டியின் குரல் தெளிவாக வந்தது, அவர் சொல்லிக்கொடுத்த அதே ஏற்ற இறக்கத்தோடு.

"கேட்டீங்களா? அது எங்க வாத்தியார் குரல்லயே பேசும். யாரும் பதில் குடுத்துடாதீங்க."

கை தட்டினார்கள். துடுப்பு தூரம் போனது.

முதுகில் ஈரம் பட்டது. இன்னொரு தரம் கத்தினார். சத்தம் வரவில்லை. முகத்தைத் தடவினார். மீசைக்குக் கீழே விரல் வழுக்கியது. ஈரத்துணி. வழவழவென்று. தையல்கூட இல்லை.

திரும்பினார்.

விரிப்பின் கீழ்ப்பாதியில், வெறுமையாக இருந்த இடத்தில், ஒரு வாய். அதன் கடையில் ஒரு தங்கப்பல். அது அவரைப் பார்த்துச் சிரித்தது. கூட்டம் சேர்ந்ததும் அவர் செய்வதுபோல, நாக்கால் உதட்டை ஒருமுறை நனைத்துக்கொண்டது.