எட்டாவது சிவப்பு மூடி

எட்டு இருக்க வேண்டிய பெட்டியில் ஏழுதான் இருந்தன.

அம்மா மறுபடியும் எண்ணினாள். ஏழேதான். விமானம் புறப்பட இன்னும் இருபது நிமிடம்.

அம்மா சின்ன விமானங்களைப் பழுது பார்க்கும் மெக்கானிக். பள்ளி விடுமுறை. அதனால் பத்து வயது மகளும் ஐந்து வயது மகனும் அன்று விமானக் கொட்டகையில், மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவின் பின்னாலேயே சுற்றும் மகளுக்கு வீட்டில் பெயர் வாலு. வாய் ஓயாத தம்பிக்கு லொடலொட.

தொலைந்தது ஒரு சிவப்பு ரப்பர் மூடி. இறக்கையின் பின் ஓரத்தில் எட்டு மெல்லிய குச்சிகள் நீட்டிக்கொண்டிருக்கும். தரையில் நிற்கும்போது யார் கண்ணிலும் குத்தாமலிருக்க அவற்றுக்கு மூடி போடுவார்கள். பறக்கும் முன் கழற்றிவிடுவார்கள்.

குச்சி எதற்கென்று வாலு காலையிலேயே கேட்டிருந்தாள். ஸ்வெட்டரைக் கழற்றும்போது முடி நட்டுக்கொண்டு படபடவென்று பொரியுமே, அந்த மின்சாரம்தான் மேகத்தை உரசிப் பறக்கும் விமானத்தின் மேலும் சேரும் என்றாள் அம்மா. வீடாக இருந்தால் கம்பி இழுத்து மண்ணில் புதைக்கலாம். வானத்தில் மண்ணுக்கு எங்கே போவது? குச்சி நுனி வழியாகக் காற்றிலேயே கசியவிட வேண்டியதுதான். இல்லாவிட்டால் ரேடியோவில் பேச்சு கேட்காது, கரகரப்புதான் கேட்கும். நேற்று அப்படித்தான் ஆனது. முறிந்திருந்த இரண்டு குச்சிகளை அம்மா இன்று மாற்றியிருந்தாள்.

இப்போது குச்சிகள் சரி. மூடி எங்கே? இறக்கை இடுக்கில் விழுந்திருந்தால் அசைய வேண்டிய பாகம் சிக்கிக்கொள்ளும்.

"அது கிடைக்காம, விமானம் பறக்கலாம்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன்," என்றாள் அம்மா.

விமானி சரியென்று தலையாட்டினார். அந்த விமானத்தில் தீவுக்குப் போகவிருந்த டாக்டரம்மா, அங்கே கண் ஆபரேஷனுக்குப் பன்னிரண்டு பேர் காத்திருப்பதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார். அம்மா டார்ச்சோடு மறுபடி இறக்கைக்கு அடியில் புகுந்தாள். அவள் முகம் வாடியதை வாலு பார்த்தாள்.

தேடாத இடம் எது?

சட்டென்று உறைத்தது. லொடலொட வாயைத் திறந்து வெகு நேரமாகிவிட்டது. அவன் வலது கை சட்டைப்பையை விட்டு வெளியே வரவே இல்லை.

வாலு அவன் பக்கத்தில் குந்தினாள். "திட்ட மாட்டேன். காட்டுடா."

கை மெல்ல வெளியே வந்தது. கட்டைவிரலில் கச்சிதமாகச் சிவப்பு மூடி.

"கீழே உருண்டு வந்துச்சு. இப்ப கழல மாட்டேங்குது," என்றான், கண்ணில் நீர் முட்ட. "அம்மாகிட்ட ரம்பம் இருக்குக்கா. விரலை அறுத்துருவாங்களா?"

வாலு சிரிப்பை விழுங்கினாள். கைகழுவும் தொட்டிக்கு அழைத்துப்போய், சோப்பு தடவி, மெல்லத் திருகினாள். பொளக்கென்று வந்தது.

இருவரும் ஒன்றாகப் போய் அம்மாவிடம் நீட்டி, விமானியும் கேட்க நடந்ததைச் சொன்னார்கள். அம்மா அதைப் பெட்டியின் எட்டாவது குழியில் பொருத்தினாள். கையெழுத்துப் போட்டாள். பிறகுதான் மூச்சே விட்டாள்.

"இனிமே எது உருண்டு வந்தாலும் என்கிட்ட உருட்டிவிடு," என்றாள் மகனிடம். அவ்வளவுதான்.

கால் மணி நேரம் கழித்து, கொட்டகை ரேடியோவில் விமானியின் குரல் கணீரென்று வந்தது. "மேகத்துக்குள்ள போறோம். துளி கரகரப்பு இல்ல. அந்தக் கட்டைவிரல் எப்படி இருக்கு?"

லொடலொட ரேடியோவுக்கு நேராகக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.