ஷைஜாவின் மும்பை டிக்கெட்

ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் பத்து நிமிடமாகக் காகிதத்தைக் கையிலிருந்து விடாமல் நின்றால், அவர் ஜெராக்ஸ் எடுக்க வரவில்லை என்று அர்த்தம். கொட்டாரம் ஊரில் கடை வைத்திருந்த தங்கபாய்க்கு இது நன்றாகத் தெரியும். இருபது வருடம் குவைத்தில் நர்ஸாக இருந்து திரும்பியவர் அவர். ஊரார் இன்னும் ‘சிஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

“நேசையண்ணா, இருங்க. என்ன விஷயம்?”

தச்சர் நேசையன் உட்காரவில்லை. “எனக்க மக ஷைஜா நாளைக்கு மும்பைக்கு ரயிலேறுகா. அங்கேருந்து குவைத்து. ஆஸ்பத்திரி வேலை. யாருட்டயும் மூச்சு விடாதீங்கன்னாவ. ராத்திரி ஒறக்கம் வரல்ல சிஸ்டர்.”

கடை வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த ஷிபுவின் காது நீண்டது. ஊரில் ஒரு கோழி காணாமல் போனாலும் துப்புத் துலக்கக் கிளம்பிவிடுகிற ஆள் அவன். தங்கபாயின் நிதானம் அவனுக்குச் சுட்டுப் போட்டாலும் வராது. துணியை உதறிவிட்டு உள்ளே வந்தான்.

“குவைத்துக்குத் திருவனந்தபுரத்துல ஏறினா போதுமே. மும்பை எதுக்கு?” என்றார் தங்கபாய்.

“கேட்டேன். அதுதான் வழியாம்.”

“பாஸ்போர்ட்டு?”

“கொரியர்ல வாங்கிட்டாவ.”

“வேலை ஒப்பந்தம்?”

“மும்பையில தருவாவளாம்.”

தங்கபாய் பேனாவை மூடி வைத்தார். “வேலைக்கு ஆள் எடுக்கிறவன் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிட்டு, கடுதாசி ஒண்ணும் தராம, வாயையும் பூட்டச் சொல்ல மாட்டான், அண்ணா. யாரு அந்த ஆளு?”

முகம் தெரியாத ஆள்தான். ஷைஜாவின் எண்ணுக்கு அவனாகவே அழைத்திருந்தான். ஆனால், ‘நல்ல இடம், தைரியமா அனுப்புங்க’ என்று உறுதி சொன்னவர்கள் ஊரில் மூன்று பேர். நேசையனின் அக்கா மகன் பிரபின், குவைத்தில் எட்டு வருடமாக எலக்ட்ரீஷியன், லீவில் வந்திருக்கிறான். கோட்டாறில் டிக்கெட் போடும் கடையில் இருக்கும் அனில்குமார், மஸ்கட்டில் பத்து வருடம் வேன் ஓட்டியவன். மூன்றாவது, தையல் வகுப்பு நடத்தும் ஜேசுதாஸ். கடலைக் கரையில் நின்று பார்த்ததோடு சரி, தாண்டியதில்லை. ஷைஜாவும் அவரிடம்தான் தையல் படித்தாள்.

“பொறவு, ஜெனிஷா அனுப்பின மெசேஜும் இருக்கு” என்று நேசையன் போனை நீட்டினார். நாலு மாதத்துக்கு முன் இதே வழியில் போனவள் ஜெனிஷா, செல்லத்தாயின் மகள். ஷிபு சத்தமாக வாசித்தான்.

“‘ஷைஜா, பயப்படாம வா. இங்கே சுகம். ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் லீவு. கம்பெனி பஸ்ஸில் சர்ச்சுக்குக் கூட்டிப்போவார்கள். நம்ம ஊர் சர்ச் அசன விருந்தைப் பதினெட்டாம் தேதிக்கு மாற்றிவிட்டார்களாமே? நினைத்தாலே நாக்கு ஊறுது.’”

“இது எப்ப வந்துது?” என்று கேட்டார் தங்கபாய்.

“நேத்து.”

“அசனத் தேதியை மாத்தினது இன்னும் சபையில வாசிக்கல்லியே அண்ணா?”

“நாளைக்குத்தான் வாசிப்பாவ. நான் கமிட்டியில இருக்கதால எனக்குத் தெரியும். முந்தாநாள் அந்த மூணு பேரும் வீட்டுக்கு வந்தப்ப வாய்தவறிச் சொன்னேன்.”

ஷிபு துள்ளினான். “அக்கா, பிரபின்தான்! புது பைக்கு வாங்கியிருக்கான், கண்டியளா? குவைத்துக்காரன் வேற!”

“பைக்கு வாங்கினவனெல்லாம் கள்ளன்னா, நாகர்கோவில் ஜெயில் பத்தாது. அண்ணா, சாயங்காலம் உங்க வீட்டில வழியனுப்பு ஜெபம் வையுங்க. அந்த மூணு பேரும் வரட்டும். செல்லத்தாயக்காவையும் கூப்பிடுங்க. தெருவுக்கு நான் சொல்லிக்கிடுதேன்.”

அயல்நாடு போகிற பிள்ளைக்கு ஜெபம் வைக்காமல் அந்த ஊரில் யாரும் பெட்டி கட்டியதில்லை. ஐந்து மணிக்கு நேசையன் வீட்டு முன்னறை நிறைந்து, கூட்டம் முற்றத்துக்கும் வழிந்தது. ‘நாலு பேருதானே இருப்பாவ’ என்று நினைத்து வந்த ஜேசுதாஸ் கூட்டத்தைப் பார்த்ததும் கைக்குட்டையைத் தேடினார். ஜெபம் முடிந்ததும் தங்கபாய் எழுந்தார்.

“பிரபின், ஷைஜா அங்க எந்தக் கிழமை ஆராதனைக்குப் போவா?”

“வெள்ளிக்கிழமை. அன்னைக்குத்தானே அங்க லீவு? ஞாயித்துக்கிழமை விடியக்காலமே கம்பெனி வண்டி வந்து ஹாரன் அடிப்பான்.”

“மஸ்கட்டுலயும் அப்படித்தான்” என்றான் அனில்குமார். “வெள்ளி பூரா சர்ச்சுக்கு ஆளு ஏத்துகதுதான் எனக்க வேலை.”

தங்கபாய் ஜெனிஷாவின் செய்தியை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். “நாலு மாசம் குவைத்துல இருந்தவ தனக்க லீவு நாளைத் தப்பா எழுத மாட்டா. ஊருக்கே தெரியாத அசனத் தேதியும் அவளுக்குத் தெரியாது. கமிட்டிக்கு வெளிய அதைக் கேட்டவங்க மூணு பேரு. அதில ரெண்டு பேரு வெள்ளிக்கிழமை லீவில வருசக்கணக்கா வாழ்ந்தவங்க. கல்ஃபுன்னா நம்ம ஊரு மாதிரி ஞாயித்துக்கிழமை லீவுன்னு நினைக்கிறவரு ஒரே ஒருத்தருதான். பிள்ளைகளுக்க நம்பரெல்லாம் உங்க வகுப்பு நோட்டிலதானே இருக்கு, ஜேசுதாஸ்?”

ஷிபு வாயைப் பிளந்தான். பிரபினைப் பார்க்க அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

ஜேசுதாஸ் எழுந்தார். “நல்லா யோசிச்சுக்கிடுங்க. இதில பெரிய கைகள் உண்டு. வெளிய தெரிஞ்சா இந்தப் பிள்ளைக்கு எவன் மாலையிடுவான்?”

“எவனும் இட வேண்டாம்!” ஷைஜா எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. “ஊசி பிடிக்கச் சொல்லித் தந்த கையால என்னை வித்துப்போட்டு, மானத்தைக் காட்டியா மிரட்டுகீரு? மானம் போனது உமக்கு. ஷிபு அண்ணே, வாசல அடையும்!”

ஷிபு போய்ச் சேருவதற்குள் தெருப் பெண்கள் வாசலை அடைத்துவிட்டார்கள். அவர்களுக்கு நடுவிலிருந்து செல்லத்தாய் வந்தாள். நாலு மாதமாக, ‘மக சுகமா இருக்கா’ என்று ஊருக்கெல்லாம் சொல்லி வந்தவள். மகளின் குரலை அவள் ஒரு நாளும் கேட்டதில்லை, எழுத்து மட்டும்தான் வந்தது. ஜேசுதாஸின் சட்டையைப் பிடித்தாள்.

“எனக்க பிள்ள எங்கடா?”

அவர் சட்டையை விடுவிக்கப் பார்த்தார். இன்னொரு தடவை கேட்டாள். மூன்றாம் தடவை கேட்டபோது தெருவே சேர்ந்து கேட்டது. மும்பையில் ஒரு வீட்டின் விலாசம் அவர் வாயிலிருந்து வந்தது. அவர் பையிலிருந்த இரண்டாவது போனில்தான் ஜெனிஷா பெயரில் அனுப்பிய செய்திகள் எல்லாம் இருந்தன. தங்கபாய் அப்போதே போலீசை அழைத்தார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் எல்லோரையும் உட்காரவைத்தார். மும்பைப் போலீஸ் இரவே அந்த வீட்டுக்குள் நுழைந்து, பூட்டிய அறையிலிருந்து ஐந்து பெண்களை மீட்டிருந்தது. அதில் ஜெனிஷாவும் உண்டு. செல்லத்தாய் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஷிபுவும் அழுதான், அதை மறைக்கவும் இல்லை.

“கல்யாணம் ஆக வேண்டிய பிள்ளை, அம்மா” என்றார் சப்-இன்ஸ்பெக்டர் தணிந்த குரலில். “பேரு வெளிய வராம பாத்துக்கிடலாம். ஊருல வேற ஏதாவது சொல்லிக்கிடுங்க.”

செல்லத்தாய் கண்ணைத் துடைத்தாள்.

“வேண்டாம் சாரே. அவ போன வழியையும் மறைச்சேன், குரல் கேக்காததையும் மறைச்சேன். களவு செய்தவன் தலை குனியட்டும், எனக்க பிள்ள எதுக்குக் குனியணும்? நேசையண்ணா, ஒம்பது மணிக்கு ஆராதனை. ஜெனிஷா வீட்டுக்கு வருகான்னு சபையில சத்தமா வாசிக்கச் சொல்லும்.”