ஆமைக்கு மண் வேண்டும்

"ஜெனி, மறுபடியும் அதே ஆமை!" என்று கத்தினான் அண்ணன் டெனிஸ்.

சிட்லபாக்கம் ஏரிக்கரைச் சாலையில் மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஆபீஸ் முடிந்து திரும்பும் வண்டிகள் சர்சர்ரென்று பறந்தன. நடுவே ஓர் ஆமை கழுத்தை நீட்டிக்கொண்டு சாவகாசமாக ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் முன்புதான் டெனிஸ் அதைத் தூக்கிப்போய் ஏரியில் விட்டிருந்தான். அதற்கு நன்றியே இல்லை!

வளைவில் தண்ணீர் லாரி ஒன்று திரும்பியது. ஐந்தாம் வகுப்பு படிக்கும் ஜெனி அதைப் பார்த்துவிட்டாள். ஓரத்தில் நின்றபடியே குடையை விரித்து ஆட்டினாள்.

"டிரைவர் அண்ணா, நிறுத்துங்க! நிறுத்துங்க!"

லாரி கிறீச்சிட்டு நின்றது. ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. டெனிஸ் ஓடிப்போய் ஓட்டின் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினான்.

"இந்தத் தடவை ஏரிக்கு அந்தப் பக்கமே விட்டுடறேன்."

"வேண்டாம்ண்ணா, திரும்ப வரும். பெசன்ட் நகர் பீச்சுல பார்த்தோமே, கடலாமை கரைக்கு வந்துதானே முட்டை போடுது? தண்ணிக்குள்ள போட்டா உள்ளே இருக்கற குஞ்சு மூச்சு முட்டிச் செத்துடும். இதுக்கும் மண்ணு வேணும்."

"மண்ணுக்கு எங்கடி போறது?"

ஜெனி எதிர்வரிசையைப் பார்த்தாள். எல்லா வீட்டு வாசலிலும் சிமெண்ட், டைல்ஸ். பச்சை கேட் போட்ட வீட்டில் மட்டும் செடிகள் இருந்தன. ஆமை நேராகப் போய்க்கொண்டிருந்ததும் அங்கேதான்.

அந்த வீட்டு சத்யநாராயணன் ஆமையைப் பார்த்ததும் பதறிவிட்டார்.

"ஐயையோ! ஆமை புகுந்த வீடு உருப்படாதும்மா. எடுத்துட்டுப் போங்க!"

கேட்டைச் சாத்திவிட்டார். டெனிஸின் கையில் ஆமையின் பின்னங்கால்கள் வெறும் காற்றைத் தோண்டின. பார்க்கவே பாவமாக இருந்தது. ஜெனி கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்கிள், இந்தத் தெருவுலயே மண்ணு இருக்கறது உங்க வீட்டுல மட்டும்தான்."

அவர் சட்டென்று திரும்பினார். "என் பையன் அதுலயும் டைல்ஸ் போடச் சொல்லி உயிரை எடுக்கறான்."

"போட்டுடாதீங்க அங்கிள். இது வீட்டுக்குள்ள வராது. முட்டை போட்டு, மூடிட்டுப் போயிடும். குஞ்சை வளர்க்கக்கூட நிக்காது. ஆமைங்க அப்படித்தான்."

காற்றைத் தோண்டும் அந்தக் கால்களை அவர் எட்டிப் பார்த்தார். பிறகு கேட் பாதி திறந்தது.

கறிவேப்பிலைச் செடியடியில் ஆமை குழி தோண்டியது. வெள்ளை வெளேரென்று உருண்டை முட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. மூன்று பேரும் மூச்சுவிடக்கூட பயந்தார்கள். மண்ணைத் தள்ளி மூடியதும் ஆமை ஏரிப் பக்கம் திரும்பியது.

சாலையில் வண்டிகள் இன்னும் குறையவில்லை. "ஐயோ, மறுபடியுமா?" என்றாள் ஜெனி.

அதற்குள் சத்யநாராயணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடு ரோட்டுக்கே போய்விட்டார். இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"இன்னா சார், ரோட்ட மறிச்சிகினு கீற?" என்று கத்தினார் பைக்கில் வந்தவர்.

"இருப்பா கொஞ்சம்! எங்க வீட்டு ஆமை போகுது."