இடது மடிப்பு

கேம்கார்டரின் சின்னத் திரையை விரித்தபோது சுவரிலிருந்த நாட்காட்டியைப் படிக்க முடியவில்லை. எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம்வலம் மாறியிருந்தன. சயோகோ திரையை மூடித் திறந்தாள். கீல் பக்கம் விரலால் தட்டினாள். படம் ஒருமுறை நடுங்கிவிட்டு அப்படியே நின்றது. ஜன்னல் இருக்கவேண்டிய பக்கத்தில் அலமாரி. அலமாரிப் பக்கத்தில் ஜன்னல்.

மாலைதான், ஆனாலும் கடலோர ஊரான ஹிமியில் நவம்பர் இருட்டு அதற்குள் வந்துவிட்டது. மண்ணெண்ணெய் அடுப்பின் வாசனையோடு, கதவை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் உள்ளே வந்துவிடும் கடல் வாசனையும் கூடத்தில் நின்றது. வளைகுடாவின்மேல் இடி உருண்டுகொண்டிருந்தது. பனிக்காலத்துக்கு முந்தைய இடி. மீன் கூட்டத்தைக் கரைப்பக்கம் கொண்டுவருமென்று மீன்காரர்களுக்குப் பிடித்த இடி.

கேமராவை உள்ளறைப் பக்கம் திருப்பினாள். அங்கே விளக்கு போடவில்லை. கணப்பு மேசையின் கனத்த போர்வைக்குள் காலை நீட்டி ஷிஹோ தூங்கிக்கொண்டிருந்தாள். கோயிலிலிருந்து வந்ததும் கோட்டை மட்டும் கழற்றிப்போட்டுவிட்டு, சிவப்புக் கிமோனோவோடு அப்படியே நுழைந்தவள். காரில்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. நடந்த களைப்பு. சயோகோ பட்டனை அழுத்தி அவளை அருகே கொண்டுவந்தாள். கழுத்தருகே மடிப்பு எவ்வளவு அழகாக விழுந்திருக்கிறது! இடது மடிப்பு மேலே, வலது கீழே. கண்ணாடி முன்னால் நின்று தனியாகப் பழகி, முதல்முறையாக மகளுக்குத் தானே உடுத்திவிட்டது.

செண்டாயில் வேலை பார்க்கும் கணவனைத் தொலைபேசியில் அழைத்தாள். மகளின் ஏழு வயதுப் பிரார்த்தனைக்கு வரமுடியாதவனுக்காகத்தான் இந்தப் படப்பிடிப்பே.

"திரை எல்லாத்தையும் மாத்திக் காட்டுதுங்க."

"மூடியைக் கழட்டினியா?" என்றான் தெட்சுரோ.

"அதையே எத்தனை வருஷம் சொல்லுவீங்க?"

"பள்ளிக்கூட விளையாட்டு விழா முழுக்கக் கறுப்பா எடுத்தவ நீ. சாகுற வரைக்கும் சொல்லுவேன்." சிரித்தான். "ஒண்ணுமில்ல. எடுக்கப்படுற ஆள் தன்னையே பாத்துக்கறதுக்குத் திரையை அவங்க பக்கம் திருப்புவோம்ல? அப்ப கண்ணாடி மாதிரி மாத்திக் காட்டும். அதுக்குக் கீலுக்குள்ள ஒரு குட்டி சுவிட்ச் இருக்கு. அது மாட்டியிருக்கும். எங்கயாவது இடிச்சியா?"

"கோயில் மண்டபத்துத் தூண்ல. திடீர்னு இடி இடிச்சதா, பயந்துட்டேன்."

"அதான். கவலைப்படாத, கேசட்ல சரியாத்தான் பதிவாயிருக்கும். பொய் சொல்றது திரை மட்டும்தான். வயரை டிவில மாட்டிப் பாரு. ஆமா, கிமோனோவை ஒழுங்கா மடிச்சியா? கண்ணாடியப் பாத்துக் கத்துக்கிட்டவளாச்சே. வலதை மேல போட்டுப் பிள்ளையப் பொணமாக்கிடாத."

"வாயைக் கழுவுங்க. நல்ல நாளும் அதுவுமா! இடதுதான் மேல இருக்கு. இப்பதான் பாத்தேன்."

"எதுல?"

"கேமராவுலதான்…"

அங்கே யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். அப்புறம் பேசுவதாகச் சொல்லி வைத்துவிட்டான்.

சயோகோ ரிசீவரைக் கீழே வைக்காமல் நின்றாள். திரை எல்லாவற்றையும் மாற்றிக் காட்டுகிறது. நாட்காட்டியை, ஜன்னலை, அலமாரியை. அதில் இடது மடிப்பு மேலே தெரிந்தால்?

வலது மடிப்பை மேலே போட்டு அவள் ஒரே ஒருமுறைதான் உடுத்திவிட்டிருக்கிறாள். அப்பாவுக்கு. சவப்பெட்டிக்குள் வைப்பதற்கு முன்னால்.

உள்ளறைக்குப் போய் விளக்கைப் போட்டால் தெரிந்துவிடும். நாலெட்டு நடை. அவள் போகவில்லை. வயரை எடுத்து டிவியில் மாட்டி, கேசட்டை முதலிலிருந்து ஓடவிட்டாள். தப்பு செய்திருந்தால் அதிலேயே தெரிந்துவிடும், குழந்தையை எழுப்பவேண்டியதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வீட்டு வாசல் வந்தது. ஷிஹோ பல் விழுந்த இடத்தைக் காட்டிச் சிரித்தாள். இடது மடிப்பு மேலே. வலது காதோரம் பட்டுப் பூ. சயோகோவின் தோள்கள் தளர்ந்தன. பைத்தியம், என்று முணுமுணுத்தாள்.

கோயில் படிகள். இருபுறமும் கொடித்துணிகள். அவற்றின் எழுத்துகளை நன்றாகப் படிக்க முடிந்தது. ஷிஹோ நாரை படம் போட்ட நீள மிட்டாய்ப் பையை வலது கையில் ஆட்டிக்கொண்டே போனாள். "ஓடாத, செருப்பு கழண்டுடும்," என்றது சயோகோவின் குரல். "மஞ்சள் இலை பொறுக்கிட்டு வரேம்மா," என்று குழந்தை மண்டபத் தூணுக்குப் பின்னால் போனாள்.

இடி. படம் தூணில் மோதிக் குலுங்கியது. வானம், ஓடு, கல்தரை. பிறகு நிமிர்ந்தது.

தூணின் மறுபக்கத்திலிருந்து ஷிஹோ வந்தாள். கொடித்துணி எழுத்துகள் சரியாகவே இருந்தன. பூ இடது காதோரம் இருந்தது. மிட்டாய்ப் பை இடது கையில். வலது மடிப்பு மேலே.

சிரிக்கவில்லை.

"வா வா, மழை வரப்போகுது. கோட்டைப் போடு." சயோகோவின் ஒரு கை படத்துக்குள் நுழைந்து, வானத்தையே பார்த்தபடி இருந்தவளின் அவசரத்தோடு, கழுத்துவரை பொத்தானைப் போட்டது. அது அவள் கைதான். மோதிரம்கூடத் தெரிந்தது.

கேமராவை நிறுத்த மறந்திருக்கிறாள். தோளில் தொங்கியபடி அது பின்பக்கம் பார்த்துக்கொண்டே வந்தது. ஈரக் கற்கள். அவளுடைய நடை. பக்கத்தில் சின்னச் செருப்புகளின் சத்தம். மண்டபம் மெல்ல மெல்லச் சிறுத்தது.

தூணுக்குப் பின்னாலிருந்து சிவப்புக் கிமோனோ அணிந்த ஒரு கை வெளியே வந்தது. கை நிறைய மஞ்சள் இலைகள்.

"அம்மா, எவ்வளவு பாரு!"

படம் நடந்துகொண்டே போனது. மண்டபத்தில் நின்ற குழந்தை இலைகளைக் கீழே போட்டது. ஓடிவந்தது. இடது மடிப்பு மேலே. வலது காதோரம் பூ. ஒரு செருப்பு கழன்றது.

கேமரா பைக்குள் போய் எல்லாம் இருட்டானது. கார்க் கதவு சாத்தும் சத்தம். பிறகு கண்ணாடிமேல் தடதடவென்று. சயோகோவுக்கு அது நினைவிருந்தது. கிளம்பும்போது ஆலங்கட்டி விழுந்தது. வைப்பரைப் போட்டாள். ரேடியோவைப் போட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"ஆலங்கட்டிதான் கண்ணு, பயப்படாத," என்றது இருட்டுக்குள் அவள் குரல்.

தடதட. தடதட.

ஆலங்கட்டி கூரையிலும் விழும். இது கண்ணாடியில் மட்டும். தாழ்வாக. ஒரு பக்கமாக.

"அம்மா! அம்மா! நான் இங்க…"

இன்ஜின் உறுமியது. குரல் பின்னால் போனது.

கேசட் முடிந்து டிவி நீலமானது.

தடதட சத்தம் நிற்கவில்லை.

அது தோட்டத்துக் கண்ணாடிக் கதவிலிருந்து வந்தது. சயோகோ எழ முயன்றாள். முதுகுக்குப் பின்னால் போர்வை சரசரத்தது. பாயில் காலடி. பட்டுத் துணி உரசும் ஓசை. குளிர்ந்த கல்லின் வாசனை.

திரும்பவில்லை. எதிரே இருண்ட கண்ணாடிக் கதவில் எல்லாம் தெரிந்தது. நீல வெளிச்சத்தில் அவள் முகம். அவள் தோளுக்குப் பின்னால் ஷிஹோ. இடது மடிப்பு மேலே. வலது காதோரம் பூ. அந்தப் பிம்பத்தில் ஒரு குறையும் இல்லை. அவள் பெற்ற பிள்ளையேதான்.

அந்தப் பிம்பத்தின் காலடியில், கண்ணாடியின் வெளிப்புறத்தில், ஈரமான சின்ன உள்ளங்கை ஒன்று ஒட்டியிருந்தது. விரல்களுக்கு நடுவில் ஒரு மஞ்சள் இலை.

பின்னாலிருந்தவள் அவளைத் தாண்டி நடந்தாள். இடது கையால் திரைச்சீலையைப் பிடித்தாள்.

"ஆலங்கட்டிதாம்மா," என்று சொல்லி, மெதுவாக, கடைசி விளிம்புவரை இழுத்து மூடினாள்.